ஆசிரியர் சொல்வது கால் பங்கு. மீதி முக்கால் எங்கே?

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தும் இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய ஒன்பதாம் வகுப்பில் 42 பிள்ளைகள். பாடம் நடத்தும்போது கவனமாகக் கேட்கிறார்கள். "புரிந்ததா?" என்றால் "புரிந்தது சார்" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். அடுத்த வாரம் அதே பாடத்தில் ஒரு கேள்வி கேட்டால் நாலு கைதான் மேலே போகிறது. குழுச் செயல்பாடு வைத்துப் பார்த்தால் சத்தம்தான் மிச்சம், பாடமும் முடிவதில்லை. எப்படி நடத்தினால் பிள்ளைகள் ஈடுபாட்டோடு படிப்பார்கள், படித்தது மனதில் நிற்கும் என்பது அவர் கேள்வி.

தம்பி, நான் 26 வருடமாகத் திண்டுக்கல் பக்கத்து அரசுப் பள்ளிகளில் அறிவியல் நடத்துகிறேன். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே என்னுடைய முதல் ஏழெட்டு வருடக் கதை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த "புரிந்தது சார்" என்பதை எடுத்துக்கொள்வோம். அது பொய் இல்லை. நாம் கோர்வையாக, நல்ல உதாரணத்தோடு சொல்லும்போது கேட்கிற பிள்ளைக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். நன்றாகச் சமைக்கிறவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு "இவ்வளவுதானா, நானே செய்துவிடுவேன்" என்று தோன்றுவது போலத்தான் இது. அடுப்பு முன்னால் தனியாக நிற்கும்போதுதான் முதலில் எதைப் போட வேண்டும் என்று கை தடுமாறும். 2019-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களை வைத்து இதையே அளந்து பார்த்தார்கள். ஒரே பாடம். ஒரு வகுப்புக்குச் சரளமான விரிவுரை. இன்னொரு வகுப்பில் மாணவர்களே சிறு குழுவாக உட்கார்ந்து கணக்குகளோடு மல்லுக்கட்டினார்கள். விரிவுரை கேட்டவர்கள் தாங்கள் நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். தேர்வு வைத்தபோது கூடுதல் மதிப்பெண் எடுத்தது மல்லுக்கட்டியவர்கள். அவர்கள்தான் "சரியாகப் புரிந்த மாதிரி இல்லை" என்றும் சொன்னவர்கள்.

ஆக, பிள்ளைகள் தலையாட்டுவதையோ, நீங்கள் நன்றாக நடத்துவதாக ஹெச்.எம். பாராட்டுவதையோ வைத்துக் கற்றலை அளக்க முடியாது. "புரிந்ததா?" என்று கேட்பதையே நான் விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு நாற்பது பேர் முன்னால் "இல்லை" என்று சொல்லும் துணிச்சல் எத்தனை பிள்ளைக்கு வரும்?

என்னை மாற்றியது ஒரு வேப்பமரம். ஒளிச்சேர்க்கை பாடத்தை அருமையாக நடத்தி முடித்திருந்தேன். சார்ட் இருந்தது, சமன்பாடு இருந்தது, யாரை எழுப்பினாலும் "கார்பன் டை ஆக்சைடு, நீர், சூரிய ஒளி, பச்சையம்" என்று ஒப்பிப்பார்கள். ஒரு மாதம் கழித்து அடித்த காற்றில் பள்ளி வளாகத்து வேப்பமரம் சாய்ந்துவிட்டது. ஆட்கள் வந்து துண்டு துண்டாக அறுத்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டைத் தூக்கவே மூன்று பேர் தேவைப்பட்டார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் பிள்ளைகளிடம் சும்மா கேட்டேன்: "ஒரு சின்ன வேப்பங்கொட்டையிலிருந்து வந்த மரம். இவ்வளவு கனம் இதற்கு எங்கிருந்து வந்தது?"

"மண்ணிலிருந்து டீச்சர்." எல்லோரும்தான். வகுப்பில் முதலாக வருகிற பெண்ணும்தான்.

"அப்படியென்றால் மரம் நின்ற இடத்தில் பெரிய பள்ளம் விழுந்திருக்க வேண்டுமே?"

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, "காத்துல இருந்தா டீச்சர்? காத்துக்கு ஏது டீச்சர் கனம்?" என்றாள்.

நான் ஒரு வாரம் நடத்திய பாடம் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. சமன்பாடு அவர்கள் நோட்டில் இருந்தது, மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்ற நம்பிக்கை அவர்கள் மனதில் அப்படியே இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. பிள்ளைகள் காலிப் பாத்திரமாக வருவதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலை வெளியே எடுக்காமல் நாம் மேலே எவ்வளவு ஊற்றினாலும் வழிந்துதான் போகும்.

அதற்கப்புறம் அந்தப் பாடத்தை நான் தொடங்கும் விதமே மாறிவிட்டது. இப்போது எப்படி நடத்துகிறேன் என்று ஒரு பாடவேளையை அப்படியே சொல்கிறேன்.

ஒரு காய்ந்த விறகுக் கட்டையை மேசை மேல் வைப்பேன். பச்சை மரத்தில் தண்ணீரே பாதியளவு இருக்கும், கேள்வி குழம்பிப் போகும். அதனால் காய்ந்த கட்டைதான் வேண்டும். கரும்பலகையில் கேள்வியை எழுதுவேன்: இந்தக் கட்டையின் எடையில் பெரும் பங்கு எங்கிருந்து வந்தது? அ) மண் ஆ) நீர் இ) காற்று ஈ) சூரிய ஒளி. ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவர் கையிலும் சிலேட்டு இருக்கும். ஆமாம், ஒன்றாம் வகுப்புச் சிலேட்டுதான். அதில் ஒரே எழுத்து. "தூக்கு" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து அழித்து எழுத அவகாசம் கொடுக்க மாட்டேன். வருடா வருடம் முக்கால்வாசிப் பேர் 'அ' தான். 'இ' என்று தூக்குபவர் ஒருவரோ இருவரோ.

எது சரி என்று சொல்ல மாட்டேன், முகத்திலும் காட்ட மாட்டேன். "உன் பதிலுக்கு வேறான பதில் வைத்திருப்பவனைத் தேடிப் பிடி. ஏன் என்று சொல். மூன்று நிமிடம்" என்பேன். அப்போது வருகிற சத்தம் நல்ல சத்தம். நடுவே நடந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். "உரம் போட்டாதானே வளருது?", "தொட்டியில வெச்ச செடிக்கு மண்ணு குறையவே இல்லையே?" என்றெல்லாம் காதில் விழும். இந்த "தொட்டி" என்ற சொல் எங்காவது கட்டாயம் வந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் கதைக்குள் போவேன்.

400 வருடத்துக்கு முன் பெல்ஜியம் பகுதியில் வான் ஹெல்மான்ட் என்றொருவர் இதே சந்தேகத்தோடு ஒரு பெரிய தொட்டியில் காய்ந்த மண்ணை எடை போட்டு நிரப்பினார். 200 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 90 கிலோ. அதில் இரண்டு கிலோ சொச்சம் எடையுள்ள வில்லோ மரக் கன்று ஒன்றை நட்டார். தூசி விழாமல் ஓட்டை போட்ட தகரத்தால் மூடி, தண்ணீர் மட்டும் ஊற்றினார். 5 வருடம். பிறகு மரத்தைப் பிடுங்கி எடை போட்டால் 76 கிலோவுக்கு மேல். இந்த இடத்தில் நான் கதையை நிறுத்திவிடுவேன். "மண்ணைக் காய வைத்துத் திரும்ப எடை போட்டார். எவ்வளவு குறைந்திருக்கும்? சிலேட்டில் எழுது." 50 கிலோ, 70 கிலோ என்று எழுதித் தூக்குவார்கள். குறைந்தது 60 கிராம்கூட இல்லை என்று சொல்லும்போது வகுப்பு ஒரு கணம் அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு வருடமும் அந்தக் கணத்துக்காக நான் காத்திருப்பேன்.

உடனே எல்லோரும் 'நீர்' பக்கம் சாய்வார்கள். வான் ஹெல்மான்டும் அப்படித்தான் முடிவு கட்டினார். "சரி, விறகை அடுப்பில் வைத்து முழுசாக எரியும் முன்னால் அணைத்தால் என்ன மிஞ்சும்?" என்பேன். கரி. "தண்ணீரைக் காய்ச்சினால் கரி மிஞ்சுமா?" மிஞ்சாது. "கரிக்கு வேதியியலில் என்ன பெயர்?" கார்பன். "நம் பட்டியலில் கார்பன் எதில் இருக்கிறது?" இப்போது அவர்களே புத்தகத்தைப் புரட்டுவார்கள். சமன்பாட்டில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை அதுவரை பார்க்காதது போலப் பார்ப்பார்கள். 'கேஸ்' என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்ததே வான் ஹெல்மான்ட்தான், அவரே காற்றைச் சந்தேகப்படவில்லை என்பதையும் சொல்வேன். நாமும் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

மொத்தம் 40 நிமிடம். இதில் நான் தொடர்ந்து பேசியது 10 நிமிடம் இருக்கலாம்.

முதலில் தனியாக ஒரு பதிலுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவனிடம் வாதாட வேண்டும், அதன் பிறகு ஆசிரியர் பேச வேண்டும். இந்த வரிசையை ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து கல்லூரி வகுப்புகளில் பரப்பினார். அவர் சொல்கிற கணக்கு நமக்கும் உதவும். முதல் தடவை சிலேட்டைத் தூக்கும்போது சரியான விடை 100-க்கு 30 பேருக்கும் குறைவாக இருந்தால் பேச விடாதீர்கள். கண்ணில்லாதவருக்குக் கண்ணில்லாதவர் வழி காட்டுவதாக ஆகிவிடும். நீங்கள் கொஞ்சம் விளக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். 70-க்கு மேல் இருந்தால் சுருக்கமாகச் சொல்லி அடுத்ததற்குப் போய்விடலாம். நடுவில் இருந்தால்தான் விவாதம் பலன் தரும். உங்கள் 42 பேரில் 13 முதல் 29 பேர் வரை சரியாகச் சொன்னால் பேச விடுங்கள். என் வேப்பமரக் கேள்வி இந்தக் கணக்குக்கு உட்படாது, அது முதலிலேயே தோற்கும் கேள்வி. அதனால்தான் நடுவே தொட்டிக் கதையை நுழைக்கிறேன்.

சோதனை செய்து காட்டினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும் என்று நாம் நம்புகிறோம் இல்லையா? அதிலும் இதே பிரச்சினைதான். 2004-ல் வெளியான ஒரு ஆய்வில் மசூரின் குழு இதைச் சோதித்தது. சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்களுக்கும் பார்க்கவே இல்லாத மாணவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசமே இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள்தான் தேறினார்கள். அதற்குக் கூடுதலாக ஆனது ஓரிரு நிமிடம். அடுத்த முறை தோல் உரிக்காத ஆரஞ்சையும் உரித்த ஆரஞ்சையும் தண்ணீரில் போடும் முன்னால், எது மிதக்கும் என்று சிலேட்டில் எழுத வையுங்கள். உரித்தது எடை குறைந்தது, அதனால் அதுதான் மிதக்கும் என்று எழுதியவன், அது மூழ்குவதைப் பார்க்கும்போது முகத்தைப் பாருங்கள். அடர்த்தி என்ற சொல்லை அப்போது சொன்னால் அவன் விட மாட்டான்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது உங்களிடம் சொன்னால், நன்னூலைக் காட்டுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இலக்கணம் தொடங்கும் முன்பே, பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று பொதுப்பாயிரத்தில் வகுத்துவிட்டார். ஆசான் சொன்னதை முழுசாக மனதில் வாங்கினாலும் "காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்" என்கிறார். கால் பங்குதான் கிடைக்கும். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. பி.எட். படிக்கும்போது யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. தமிழாசிரியர் ஒருவர் ஓய்வறையில் போகிற போக்கில் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். என் வகுப்பில் அந்த அரைப் பங்கை யார் வாங்கிக்கொண்டிருக்கிறார்? தினமும் ஐந்து வகுப்பில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பது நான். ஆக, என் பள்ளியில் ஒளிச்சேர்க்கையை நன்றாகக் கற்றுக்கொண்டவள் நான்தான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறோம். "மாணவர்களே சொல்லிக்கொடுக்கட்டும்" என்றதும் நமக்கு நினைவு வருவது கிளாஸ் லீடர். நன்றாகப் படிக்கிற நாலு பேரைக் குழுத் தலைவராக்கி, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்வோம். நம் ஊருக்கு இது பழைய பழக்கம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மூத்த மாணவராகச் சட்டாம்பிள்ளை இருந்தார். சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1790 வாக்கில் உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்து, பெரிய பிள்ளைகளை விட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் 1833-ல் தொடங்கிய பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

பெருமைதான். ஆனால் நன்னூல் கணக்கை வைத்துப் பாருங்கள். எடுத்துச் சொல்கிறவருக்குத்தான் அரைப் பங்கு. அந்த வேலையை எப்போதும் முதல் மாணவனுக்கே கொடுத்தால், ஏற்கெனவே நிறைந்திருக்கிற குடத்தில்தான் மறுபடியும் ஊற்றுகிறோம். கேட்டுக்கொண்டே இருப்பவன் கால் பங்கோடு நிற்கிறான், கூடவே "நான் மக்கு" என்ற எண்ணத்தையும் வாங்கிக்கொள்கிறான். அதனால் என் வகுப்பில் விதி வேறு. இருவர் பேசினால், தயங்குகிறவர் முதலில் சொல்ல வேண்டும். நன்றாகப் படிக்கிறவர் கேள்வி மட்டும் கேட்கலாம். சரியா தப்பா என்று சொல்லக் கூடாது, "ஏன்?" என்று கேட்கலாம். இது நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம், பதிலை வாயில் வைத்துக்கொண்டு தவிப்பார்கள். பழக இரண்டு வாரம் ஆகும். ஜோடியை மாதம் ஒரு முறை நீங்களே மாற்றுங்கள். பிள்ளைகள் விருப்பத்துக்கு விட்டால் தெருவாரியாக உட்காருவார்கள். நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். அது பாடத்தைவிடப் பெரிய விஷயம், அதை நீங்கள் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது.

இனி, படித்தது ஏன் நிற்பதில்லை என்ற உங்கள் இரண்டாவது கவலை. நாம் பிள்ளைகளிடம் "படி, படி" என்கிறோம். அவர்களும் நோட்டைத் திறந்து திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். பத்து தடவை படித்தால் அந்தப் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதை அறிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஒரு குழு ஒரு பகுதியைத் தொடர்ந்து நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, தாளை மூடி வைத்து நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களுக்கு 40 விழுக்காடு நினைவிருந்தது, மூடி வைத்து எழுதியவர்களுக்கு 61 விழுக்காடு.

அதனால் பாடவேளையின் முதல் 5 நிமிடத்தில் நான் எதையும் நடத்துவதில்லை. நோட்டும் புத்தகமும் மூடியிருக்கும். ரஃப் நோட்டில் மூன்று கேள்விக்கு விடை எழுத வேண்டும்: ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. அப்புறம் புத்தகத்தைத் திறந்து அவரவரே வேறு நிறப் பேனாவில் திருத்திக்கொள்வார்கள். மதிப்பெண் கிடையாது, நான் திருத்துவதும் கிடையாது. மதிப்பெண் என்று வந்துவிட்டால் அடுத்த நிமிடமே பார்த்து எழுதத் தொடங்குவார்கள். இந்தப் பாழாய்ப்போன பயம் இல்லாமல், "எனக்கு எது மறந்திருக்கிறது" என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். முதல் மாதம் போன மாதக் கேள்விக்குப் பாதிப் பேர் ஒன்றும் எழுத மாட்டார்கள். மனம் தளராதீர்கள். காலாண்டுத் தேர்வு தாண்டும்போது வித்தியாசம் தெரியும்.

பொதுத்தேர்வுக்கு மனப்பாடம்தானே வேண்டும், இதெல்லாம் எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். மனப்பாடத்துக்கும் இதுதான் நல்ல வழி என்று சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் சாயங்காலச் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிக்கும் ஒரு மணி நேரத்தைவிட, மூடி வைத்து எழுதிப் பார்க்கும் 20 நிமிடம் மேல். மெல்லக் கற்போர் என்று நாம் பட்டியல் எடுக்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். அவர்களைத்தான் நாம் அதிகமாகப் "படி" என்று உட்கார வைக்கிறோம்.

அடுத்து ஒரு சின்ன விஷயம், செலவே இல்லாதது. கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் தாங்களே சொல்லிவிடுவார்கள், இல்லையென்றால் வேறொருவரை எழுப்புவார்கள். 3 விநாடிக்கு மேல் காத்திருக்கப் பழக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். 3 விநாடி கேட்கச் சின்னதாக இருக்கும். வகுப்பில் நிற்கும்போது அது ஒரு யுகம். நான் மேசைக்குக் கீழே விரலை மடக்கி எண்ணுவேன், இன்றைக்கும் எண்ணுகிறேன். பிள்ளை பதில் சொன்ன பிறகும் அதே மாதிரி காத்திருங்கள். பல சமயம் அவனே இன்னொரு வரி சேர்ப்பான், அந்த வரியில்தான் விஷயம் இருக்கும்.

கை தூக்குகிறவர்களை மட்டும் கேட்பதையும் விடுங்கள். ஐஸ் குச்சிகளில் வரிசை எண்ணை எழுதி ஒரு டம்ளரில் போட்டு வைத்திருக்கிறேன். கேள்வியை முதலில் கேட்டு, காத்திருந்து, பிறகுதான் குச்சியை எடுப்பேன். குச்சியை எடுத்துவிட்டுக் கேள்வி கேட்டால் மீதி 41 பேரும் நிம்மதியாகிவிடுவார்கள். தெரியாவிட்டால் "தெரியவில்லை, கடைசியில் வருகிறேன்" என்று சொல்லலாம். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கடைசியில் அவன் தன் சொல்லில் சொல்ல வேண்டும். யார் தப்பாகச் சொன்னாலும் யாரும் சிரிக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கடுமையானவள். ஒரு தடவை சிரிப்பை அனுமதித்துவிட்டால் அந்தப் பிள்ளை அந்த வருடம் முழுக்க வாயைத் திறக்காது.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதில் இருக்கிறது. ஒரு பாடவேளையில் அது 15 நிமிடத்தைத் தின்கிறது. கை எழுதும், மனம் மைதானத்தில் இருக்கும். புத்தகத்தில் இருப்பதைப் புத்தகத்திலிருந்தே படிக்கப் பழகட்டும். எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும் நீங்கள் கொடுங்கள். ஒரு பாடத்தில் எல்லாப் பத்தியையும் சம அளவில் நடத்த வேண்டியதில்லை. எந்த இடத்தில் பிள்ளைகள் தப்பாக நம்பிக்கொண்டிருப்பார்கள், எந்த ஒரு கருத்து புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்று பார்த்து, அங்கே ஒரு முழுப் பாடவேளை நில்லுங்கள். மீதியை வேகமாகத் தாண்டலாம். மின்னியலில் எனக்கு அந்த இடம், ஒரு டார்ச் பல்பு, ஒரு பேட்டரி, ஒரே ஒரு ஒயர். இதை வைத்து விளக்கை எரிய வை என்பேன். பல்புக்கு அடிமுனை ஒன்று, பக்கவாட்டு உலோகம் ஒன்று என இரண்டு தொடுமுனை உண்டு என்பதை அவர்கள் விரலாலேயே கண்டுபிடித்த பிறகு, சுற்று என்ற சொல்லை நான் விளக்கவே வேண்டியதில்லை.

உங்கள் குழுச் செயல்பாடு ஏன் சத்தத்தில் முடிந்தது என்றும் யோசித்தேன். ஆறு பேர் குழு என்றால் இருவர் வேலை செய்வார்கள், நால்வர் கதை பேசுவார்கள். இரண்டு பேராக விடுங்கள், மிஞ்சிப்போனால் மூன்று. நேரத்தை 3 நிமிடம் என்று சொல்லி 3 நிமிடத்தில் நிறுத்துங்கள். எல்லாவற்றையும்விட, சேர்ந்து யோசித்தால்தான் விடை வரும் என்கிற கேள்வியாக இருக்க வேண்டும். "ஒளிச்சேர்க்கை பற்றிக் கலந்துரையாடுங்கள்" என்றால் அவர்கள் என்னதான் பேசுவார்கள்?

செயல்பாடு இருந்தும் யோசனை நடக்காமல் போவதை நம் மாநிலத்திலேயே பார்த்திருக்கிறோம். ஆந்திராவின் மதனப்பள்ளி பக்கத்து ரிஷி வேலியிலிருந்து கற்றுக்கொண்டு, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில வருடத்தில் மாநிலம் முழுக்க வந்தது. பாட அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில் உட்காருவது, அவரவர் வேகத்தில் முன்னேறுவது. நான் நேரில் பார்த்த சில தொடக்கப் பள்ளிகளில் அது உண்மையாகவே அழகாக நடந்தது. பயமில்லாமல் ஆசிரியர் மடியில் கை வைத்துப் பேசுகிற பிள்ளைகளை அங்கேதான் முதலில் பார்த்தேன். வேறு சில இடங்களில் அட்டையை எடுப்பதும் வைப்பதும் பதிவேட்டை நிரப்புவதுமே வேலையாகிவிட்டது. அதற்கப்புறம் மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தபோது மன வரைபடத்துக்கும் இதே கதி ஆனது. புத்தகத்தில் இருக்கும் தலைப்புகளை வட்டம் போட்டுக் கோடு இழுத்தார்கள். வட்டம் அழகாக இருந்தது, யோசனை நடக்கவில்லை. ஃபேன்சி ஸ்டோரில் சார்ட் வாங்கி அப்பா அம்மா ஒட்டிக்கொடுக்கும் புராஜெக்ட்டையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். அதற்கு ஆகிற 50, 100 ரூபாய் நம் பிள்ளைகள் வீட்டில் சின்னப் பணம் இல்லை.

எந்த முறையைப் புதிதாகக் கேள்விப்பட்டாலும் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: இந்த நிமிடத்தில் பிள்ளை எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறது? கத்தரிக்கோலைப் பற்றியா, கார்பனைப் பற்றியா?

சரி, திங்கட்கிழமை எதிலிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள், பிள்ளைகளும் குழம்புவார்கள், நீங்களும் சோர்ந்துபோவீர்கள். முதல் மூன்று வாரம் மூடிய நோட்டு 5 நிமிடம் மட்டும். அது பழக்கமான பிறகு வாரத்துக்கு ஒரு சிலேட்டுக் கேள்வி. ஜோடிப் பேச்சு அதற்கும் பிறகு. நல்ல கேள்வி உடனே கிடைக்காது. பிள்ளைகளின் பழைய விடைத்தாள்களை எடுத்து, பலரும் ஒரே மாதிரி தப்பாக எழுதிய இடங்களைக் குறித்து வையுங்கள். அந்தத் தப்பான விடைகள்தான் உங்கள் ஆ, இ, ஈ. எனக்கு இப்படிச் சேர்ந்த ஒரு நோட்டு இருக்கிறது. வருடத்துக்கு ஏழெட்டுக் கேள்விதான் உருப்படியாகத் தேறும், அது போதும்.

ஹெச்.எம்.மிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "சில நாள் என் வகுப்பில் சத்தம் கேட்கும் சார், மூன்று நிமிடத்தில் நின்றுவிடும்." ஒரு நாள் உள்ளே கூப்பிட்டு அவர் கையிலும் ஒரு சிலேட்டைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பழைய ஹெச்.எம். விறகுக் கட்டைக் கேள்விக்கு 'அ' என்று எழுதித் தூக்கினார். பிள்ளைகளுக்கு அன்றைக்கு வந்த தைரியம் நான் ஒரு வருடம் பேசியும் வராதது.

சிலேட்டு வாங்கும்போது சட்டம் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், சும்மா இருந்தால் ஓரம் உடைந்து கையைக் கிழிக்கும். துடைக்க ஆளுக்கொரு பழைய துணித்துண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சட்டைக் கையால் துடைத்துவிட்டு வீட்டில் திட்டு வாங்குவார்கள்.